மிச்சத் தோல்

– அதான் கேக்குறேன், இந்த வெக்கையில எவளாவது மணிக்கட்டு வரைக்கும் பட்டன் போட்டுட்டு வருவாளா?

– எனக்குக் குளிருது.

– ஏசி என் தலைக்கு மேல இருக்கு குண்டு. குளிர வேண்டியவன் நான்.

– டேய், நாப்பத்தெட்டு கிலோ இறக்கியிருக்கேன். இன்னும் குண்டுங்கிற.

– வச்ச பேரை மாத்த முடியுமா? எங்க ஸ்கூல்ல ஒருத்தனைக் குட்டைன்னு கூப்பிடுவோம். இப்ப ஆறடி. இன்னும் குட்டைதான். சரி, கையைக் காட்டு.

– மாட்டேன்.

– என் கையைப் பாரு. ரெண்டு ஊசி, ரெண்டு குழாய். ரத்தம் ஒரு பக்கம் போகுது, மெஷினைச் சுத்திட்டு இன்னொரு பக்கம் வருது. வர்றவன் போறவன் எல்லாம் எட்டிப் பாக்குறான். நான் வெக்கப்பட்டேனா?

– உனக்கு வந்தது வியாதிடா. இது நானா பண்ணிக்கிட்டது.

– எனக்காகப் பண்ணிக்கிட்டது.

– ஆரம்பிக்காத.

– சார், கையை அசைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெஷின் கத்துது பாருங்க.

– நான் அசைக்கல சிஸ்டர். எங்க அக்கா வந்தா கை தானா அசையுது.

– மேடம், நீங்களாவது சொல்லுங்க. ஊசி நகந்தா திட்டு வாங்கறது நான். ஐயோ மேடம், போன வாரத்துக்கு இன்னும் இளைச்சுட்டீங்க! இங்க எல்லா பேஷண்ட்டுகிட்டயும் உங்களைத்தான் சொல்றேன். தம்பிக்குக் கிட்னி குடுக்கணும்னே பாதி ஆளா ஆயிட்டாங்க, பாருங்கன்னு.

– தேங்க்ஸ் சிஸ்டர்.

– என்ன சாப்பிடறீங்கன்னு எனக்கும் எழுதிக் குடுங்க மேடம். ரெண்டு மாசமா கேக்குறேன், மறந்துராதீங்க.

– போயிட்டாங்களா?

– போயிட்டாங்க. பாத்தியா, நீ இங்க பெரிய ஆளு.

– துணியோட பாக்குறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

– துணியில்லாம யாரு பாக்குறா?

– கண்ணாடி பாக்குது.

– மாமா?

– அவரை விடு.

– சண்டையா?

– சண்டை போட்டாத்தான் தேவலையே. ரொம்ப நல்லவரா இருக்கார். ‘அதனால என்ன’ங்கிறார். நான் எதுவும் கேக்கவே இல்ல, அதுக்குள்ள ‘அதனால என்ன’ங்கிறார். அப்படின்னா பாத்துட்டார்னுதானே அர்த்தம்? இப்பல்லாம் குளிச்சா உள்ளயே எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வெளிய வரேன்.

– அவ்வளவு மோசமா?

– கேளு. ஒருக்களிச்சுப் படுத்தா வயிறு எனக்குப் பக்கத்துல தனியா படுக்குது. இன்னொரு ஆள் மாதிரி. நான் திரும்பிப் படுக்கணும்னா அதைக் கையால எடுத்து அந்தப் பக்கம் வைக்கணும். மடிப்புக்குள்ள வேர்த்து வேர்த்துப் புண்ணாகுது. காலையில துடைச்சு, பவுடர் போட்டு, இறுக்கமா ஒரு உள்பனியன், அதுக்குள்ள எல்லாத்தையும் மடிச்சு மடிச்சு வைக்கணும். ஊருக்குப் போறப்போ பெட்டி அடுக்குவோம்ல, அது மாதிரி. படி இறங்கினா முதல்ல நான் இறங்குறேன், அப்புறம் அது இறங்குது.

– சிரிக்கட்டுமா, வேணாமா?

– சிரிச்சுத் தொலை.

– கைதான் அசையக் கூடாது. வாய் அசையலாம்.

– போன வாரம் துணிக்கடையில ஒரு சட்டை போட்டுப் பாத்தேன். ஜிப்புல தோல் மாட்டிக்கிச்சு. கத்தவும் முடியல. கடைசியில கடைக்காரப் பொண்ணு உள்ள வந்து சோப்பைத் தேச்சு எடுத்துவிட்டா. ‘குழந்தைக்கு எத்தனை மாசம்கா’ன்னு கேக்குறா. எனக்கு ஏது குழந்தை?

– என்ன சொன்ன?

– ஆறு மாசம்னு சொல்லிட்டேன்.

– அடிப்பாவி.

– வேற என்ன சொல்ல? க்ளாஸ்ல அதைவிட மோசம். போர்டுல ‘பூமத்திய ரேகை’ன்னு எழுதி முடிச்சேன். கை நின்னுருச்சு, கைக்குக் கீழ தொங்குறது நிக்கல. பின்னாடி பெஞ்சுலேருந்து ஒருத்தன், ‘டீச்சர் டாட்டா காட்டுறாங்க’ங்கிறான். மொத்த க்ளாஸும் திருப்பி டாட்டா காட்டுது.

– நீ?

– நானும் காட்டிட்டு, வெளிய போய் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன். முன்னாடி என்னை உலக உருண்டைம்பானுங்க தெரியுமா? பூகோள டீச்சர் வேற, பொருத்தமா இருந்துச்சு. அதுக்கெல்லாம் ஒரு நாளும் அழுததில்லடா. உருண்டையா இருந்தாலும் அது நான். இப்ப யாரோ போட்டுக் கழட்டின சட்டைக்குள்ள நான் இருக்கற மாதிரி இருக்கு.

– காட்டு. ஒரு கை போதும்.

– சிரிக்கக் கூடாது.

– சரி.

– பாவம்னும் சொல்லக் கூடாது.

– சோபாவுக்கு உறை தைக்கிறவன் நான். நான் பாக்காத தொய்வா?

– ம். இந்தா... நல்லா பாத்துக்கோ.

– பாக்குறேன். தொடலாமா? இந்தக் கை சும்மாதான் இருக்கு.

– தொடு. இழுக்காத.

– மெத்துனு இருக்கு. சின்னதுல இதுக்குக் கீழதான் மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டுத் தூங்குவேன். அப்ப உள்ள ஆள் இருந்தாங்க.

– சோபா மாஸ்டர் என்ன சொல்றார்? தேறுமா?

– உள்ள பஞ்சு அமுங்கிட்டா உறை தொங்கத்தான் செய்யும். துணின்னா பிரிச்சு, ஓரத்தை வெட்டி, இழுத்துப் பிடிச்சு அடிச்சிரலாம். ரெக்சின்தான் கஷ்டம். ஒரு தடவை இழுபட்டா திரும்பாது.

– நான் துணியா, ரெக்சினா?

– நீ ஒரிஜினல் லெதர்.

– போடா.

– நிஜமாத்தான். ஆனா இதை வெட்டித்தான் தைக்கணும், டாக்டர்தான் தைக்கணும். ஏதோ சொன்னியே, வயித்துத் தோல், கைத்தோல் எல்லாம் ஆபரேஷன் பண்ணி எடுத்துருவாங்கன்னு.

– அது அப்புறம். முதல்ல உனக்குக் குடுக்கணும், அது ஆறணும். அதைப் பத்தி ஒரு வருஷம் கழிச்சு யோசிச்சாப் போதும்.

– அதை முதல்ல பண்ணிக்கோயேன்.

– எதை?

– தோலை.

– லூசா நீ? அதைப் பண்ணிக்கிட்டா நான் தேறி வரவே மாசக்கணக்கா ஆகும். அது வரைக்கும் உனக்கு யாரு குடுப்பா? ஞாபகம் இருக்கா, முதல் நாள் பெரிய டாக்டர் என்ன சொன்னார்? ‘உங்க கிட்னி நல்லாத்தாம்மா இருக்கும், அங்க வரைக்கும் என் கத்தி போகணுமே’ன்னார். அன்னைக்கு வெளிய வந்து எப்படிச் சிரிச்சோம்? இப்ப போகும்டா அவர் கத்தி. கேளு, இதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன், நீ முழுக்கை அரைக்கைன்னு இழுத்துட்ட. எல்லா டெஸ்ட்டும் வந்துருச்சு. காலையில, குடுக்கறவங்களைப் பாக்குற எங்க டாக்டரம்மாகிட்ட காட்டினேன். எடை சரி, சக்கரை இல்ல, கிட்னி ரெண்டும் ஜம்முனு இருக்காம். நான் பாஸ்! நாளைக்கே பெரிய டாக்டரைப் பாத்து தேதி கேக்கப் போறேன்.

– நாளைக்கேவா?

– பின்ன? இதுக்குத்தானே வெந்த காயைத் தின்னு தின்னு செத்தேன். மூஞ்சியை ஏன் அப்படி வச்சிருக்க?

– சந்தோஷம்தான்.

– இதுவா சந்தோஷம்? அம்மாவைப் போய்ப் பாரு, அவளுக்குத்தான் சந்தோஷம். ஆபரேஷன் முடிஞ்சு வந்தா உனக்குத் தூசு படக் கூடாதுன்னு உன் ரூம் ஜன்னல்ல எல்லாம் வலை அடிச்சுட்டா. தினமும் மருந்து போட்டுத் தரையைக் கழுவுறா. செருப்போட யாரும் உள்ள வரக் கூடாதாம். கிட்னி குடுக்கறவளே நான்தான், என்னையும் வாசல்லயே நிக்க வைக்கிறா.

– தெரியும். நான் அந்த ரூமுக்குள்ள போறதே இல்ல. ஹால்ல படுத்துக்கறேன்.

– ஏன்?

– நீ பெரிய டாக்டரைப் பாக்கப் போகாத குண்டு. தோலை எடுக்குறாங்கல்ல, அந்த டாக்டரைப் போய்ப் பாரு.

– கேட்டதுக்கு பதில் சொல்லு. ஏன்?

– மெஷின் கத்தப் போகுது.

– கத்தட்டும். என்னைப் பாருடா. என்ன மறைக்கிற?

– இதயம் தாங்காதாம்.

– யாருக்கு?

– எனக்கு. ரத்தத்தைத் தள்ள வேண்டியதுல கால்வாசிதான் தள்ளுதாம். மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டேனாம். நீ பாஸு, நான் ஃபெயிலு.

– யாரு சொன்னா?

– இங்க ஹார்ட் டாக்டர். நம்பாம இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் போனேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க. எந்தக் கிட்னி கிடைச்சாலும் எனக்கு வைக்க முடியாது. உன்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு பெரிய டாக்டர்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.

– எப்போ?

– உங்களுக்கு லீவு விட்டாங்களே, அப்போ.

– அதுக்கு அப்புறம்தானேடா கடைசிப் பத்து கிலோ இறக்கினேன்?

– ஆமா.

– பசியில மயங்கி மாடிப்படியில விழுந்தேன். அதுவும் அதுக்கு அப்புறம்தான்.

– ஆமா.

– நீ ஃபோன் பண்ணி ‘சபாஷ் குண்டு’ன்ன.

– ஒவ்வொரு தடவையும் சொல்லிரணும்னுதான் படுத்திருப்பேன். நீ வந்து இந்த நாற்காலியில உக்காருவ. ‘வாட்ச் பட்டையில இன்னொரு ஓட்டை போட்டேன்டா’ம்ப. மூஞ்சி அப்படி இருக்கும் உனக்கு. சிஸ்டர் கை தட்டுவாங்க, அந்தப் பக்கத்து ஆளுங்களும் தட்டுவாங்க. இன்னைக்கு வேணாம், அடுத்த தடவை சொல்லிக்கலாம்னு விட்டுருவேன். ஜெயிச்சுக்கிட்டு வர்றவளை எப்படி நிறுத்தச் சொல்றது?

– ஓட்டப்பந்தயமே இல்லைன்னு சொல்லியிருக்கணும்டா.

– ஆமா.

– ஆமா ஆமாங்காத! எனக்கு வர்ற கோவத்துக்கு...

– சார், ப்ரஷர் பாக்கணும். என்ன மேடம், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?

– ஒண்ணுமில்ல சிஸ்டர். தூசு.

– இன்னும் கொஞ்ச நேரம்தான் சார், முடிஞ்சிரும். வியாழக்கிழமை காலை ஷிஃப்ட்டா, மதியமா? சொல்லிட்டீங்கன்னா போட்டுருவேன்.

– அப்புறம் சொல்றேன் சிஸ்டர்.

– அப்புறம்னா இடம் போயிரும் சார். நான் காலைன்னே போட்டுக்கறேன்.

– பாரு, நல்லா பாரு. இது எதுக்குடா அப்போ?

– எது?

– இதுதான். இந்தக் கை, இந்த வயிறு. தினமும் காலையில இதை மடிச்சு பனியனுக்குள்ள வைக்கும்போது, பரவால்ல, தம்பி இருப்பான்ல, அப்படின்னு சொல்லிக்கிட்டுத்தான் வைப்பேன். அதைச் சொன்னா அசிங்கமா இருக்காது. நாளைக்கு என்ன சொல்லிக்கிட்டு மடிக்கிறது?

– அழாத.

– ஏதாவது சொல்லு. எப்பவும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பல்ல.

– இப்ப ஒண்ணும் வரல குண்டு.

– சரி. கேளு. ஆபரேஷன் இல்லாட்டிப் போகுது, மெஷின் இருக்கு. அதோ, கடைசியில பேப்பர் படிக்கிறாரே, அவர் எத்தனை வருஷமா வந்துக்கிட்டு இருக்கார்! நானும் உன்கூட வரேன். லீவு போட்டுட்டு வரேன், வாரத்துக்கு மூணு நாளும் வரேன். சரியா?

– அவருக்கு இதயம் நல்லா இருக்கு.

– உனக்கு மாத்திரை குடுப்பாங்க.

– குடுத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. இங்கேருந்து போனா அன்னைக்கு முழுக்கத் தலை தூக்க முடியல. மறுநாள் கொஞ்சம் ஆளா இருப்பேன். அதுக்கு அடுத்த நாள் திரும்ப இங்க. கடையில ஒரு சோபா பாதி பிரிச்சது பிரிச்சபடியே கிடக்கு. சோபாவைக் குடுத்த அம்மா வந்து கேட்டுட்டுப் போறாங்க. நல்லா இருக்கற நாள்ல போய் உக்காந்தேன், ஊசியில நூல் கோக்க முடியல. போன வாரம் இதே படுக்கையில ரெண்டு தடவை நினைவு தப்பிருச்சு.

– எனக்கு ஏன் சொல்லல?

– நீ அப்பதான் பாட்டில் பாட்டிலாத் தண்ணி குடிச்சு டெஸ்ட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்த.

– வியாழக்கிழமை காலையில நானே வந்து உன்னைக் கூட்டிட்டு வரேன்.

– வேணாம்.

– மதியம் மாத்திக்கலாமா?

– நான் வரல. இனிமே வரல. டாக்டர்கிட்ட பேசிட்டேன். மெஷினை விட்டுட்டா ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள்னாங்க. வலிக்காம, மூச்சு முட்டாம பாத்துப்பாங்களாம். வீட்லயே இருக்கலாமாம்.

– டேய்...

– கையை எடுக்காத. அப்படியே வச்சிரு, கதகதன்னு இருக்கு.

– அம்மா அங்க தரையைக் கழுவிக்கிட்டு இருக்காடா.

– தெரியும். நேத்து சொல்லலாம்னு அந்த வாசல் வரைக்கும் போனேன். குனிஞ்சு கழுவிக்கிட்டே, ‘ஈரம் காயட்டும், உள்ள வராத’ன்னா. திரும்பி வந்துட்டேன். என்னால முடியல. அக்கா, அம்மாகிட்ட நீ சொல்லிடுறியா?