அண்ணன் படித்த புத்தகங்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ் வழியில் நின்றுவிட்டது. யுத்த காலம்; பெட்ரோலுக்குப் பதில் கரியடுப்பில் ஓடும் பஸ். கண்டக்டர் பின்பக்கம் இறங்கி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"நான் படிச்ச புஸ்தகத்தயெல்லாம் ஒங்கண்ணன் படிச்சிட்டாரு" என்றாள் மூத்தவள், சுள்ளென்று.

"அதுல என்ன தப்பு அண்ணி?"

"அவரு எங்கடி படிச்சாரு? சோத்துல கை வச்சதும் 'கதயச் சொல்லு'ம்பாரு. சொல்லுவேன். கை கழுவிட்டு வந்து, தானே படிச்சதா நோட்டுல எழுதிக்குவாரு. தை பொறந்தா, மாசம் ஒரு புஸ்தகம் படிப்பேன்னு சபதம் வேற! அடுப்ப ஊதிக்கிட்டே படிக்கிறவ நானு, ஊரு மெச்சறது அவர!"

"அண்ணனுக்கு வேல சாஸ்தி அண்ணி."

"எனக்கு மட்டும் வேலயே இல்லியா?"

"இவ்வளவு கோவத்த வச்சுக்கிட்டு, அவரு வாசகசாலயில பேசறதக் கேக்க எதுக்கு வரீங்க?"

"கடைசியாப் படிச்ச நாவலப் பத்திப் பேசறாரு. அதுல அந்தப் பொண்ணு செத்துப்போயிடுவா."

"ஐயோ பாவம்."

"ஒங்கண்ணன்கிட்ட, அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"கண்டக்டரய்யா, சீக்கிரம் கெளப்புங்க! கூட்டம் ஆரம்பிச்சிடப் போவுது."