சாவித்திரிக்குப் பார்த்த வீடு

வீடு வாங்கப் போகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தரகரைப் பார்க்க வேண்டும். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பிறகு அழுகிறார்கள். உங்களுக்கும் ஒருநாள் போலீஸ் குடியிருப்பை விட்டுச் சொந்த வீடு தேட வேண்டி வரும், இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால்தான் இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

நல்ல தரகர் எடுத்த உடனே உங்களை எந்த வீட்டுக்கும் அழைத்துப்போக மாட்டார். நீங்கள் இப்போது இருக்கிற வீட்டுக்கு அவர் வருவார். எங்கே குனிந்து நடக்கிறீர்கள், எந்த மூலையில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பார். உங்கள் கஷ்டம் தெரியாதவருக்கு உங்கள் வீடு தெரியாது.

ஆரணியில் பதினாறு வருஷமாக நான் தரகு பார்க்கிறேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். ஆண் தரகர் வாசலோடு நின்றுவிடுவார், நான் அடுப்படி வரைக்கும் போவேன். எந்தச் சுவரில் ஓதம், எந்தக் கிணறு சித்திரையில் வற்றும், எந்த அண்ணன் தம்பி பாகம் பிரிக்கப் போகிறார்கள், எல்லாம் கெங்கம்மாளைக் கேட்டால் தெரியும் என்பார்கள். என்னிடம் வந்த ஒருவரையும் நான் வீடு இல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. ஒருவரையும்.

மாணிக்கவேலும் அவன் மனைவி சாவித்திரியும் போன ஆடியில் வந்தார்கள். பட்டு நெய்கிறவர்கள். வாடகை வீடு, தாழ்ந்த தெரு. நம் ஊர்த் தறியைப் பார்த்திருப்பீர்கள். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் அவர்கள் குழியில் தண்ணீர் ஊறிவிடும். அந்தப் பெண் பித்தளைச் செம்பால் இறைத்துவிட்டு நெய்வாள், மறுபடி இறைப்பாள், மறுபடி நெய்வாள். நான் போனபோது காலை வெளியே எடுத்துக் காட்டச் சொன்னேன். பாதம் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

"மூணு புரோக்கரப் பாத்தாச்சிங்கக்கா" என்றாள். "ஒருத்தரு வாசக்கால் வேலப்பாட்டக் காட்டறாரு. ஒருத்தரு பஸ் ஸ்டாண்டு கிட்டன்றாரு. இன்னொருத்தரு எதுத்த வூட்டுக்காரரு பெரிய மன்சன்றாரு. காலப் பாத்தது நீங்க ஒருத்திதான்."

"அடுத்த மழைக்கு இந்தக் காலு காஞ்சிருக்கும். நான் இருக்கறேன்" என்றேன்.

"இனிமே வேற யாருகிட்டயும் போமாட்டேங்கக்கா."

அவளாகச் சொன்னதுதான். நான் கேட்கவில்லை.

அவர்களுக்கு ஏற்ற வீடு ஊரில் ஒன்றுதான் இருந்தது. மணவாளனுடைய வீடு. நெசவாளர் தெருவிலேயே மேடான மனை. எத்தனை மழை பெய்தாலும் கூடத்துத் தறிக்குழி காய்ந்த மண்ணாக இருக்கும். அதன்மேல் பலகை போட்டு அவர் அரிசி மூட்டை அடுக்கியிருந்தார். பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள், மகன் தருமன் வந்தவாசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். இங்கே அவரும், கைம்பெண்ணான தங்கை பொன்னியம்மாளும் மட்டும்தான். அந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

"ஏம்மா கெங்கம்மா, தெனம் ஒருதபா வந்து வூட்ட வில்லு வூட்ட வில்லுன்றியே. வித்துட்டு உன் வூட்ல வந்து குந்திக்கவா?" என்பார் மணவாளன்.

"வாங்க மொதலியாரே, எடம் இருக்குது."

"உன் கொழம்பத் துன்னுட்டு சாவறதுக்கு நான் இங்கியே சாவறேன், போ."

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று மாதத்தில் பதினோரு முறை போனேன். நயமாகத்தான் பேசினேன். ஐப்பசி பிறந்துவிட்டது.

அடைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவிட்டத்தில் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரம். அந்த ஐந்து நாளுக்குள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஆறு மாதம் அங்கே யாரும் இருக்கக் கூடாது. பூட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுவார்கள். அப்படிப் பூட்டிய வீட்டுக்குப் பாதிப்பேர் திரும்புவதில்லை என்று என் தொழிலில் கண்டிருக்கிறேன். அடைப்பு வந்தால் தருமன் அத்தையை வந்தவாசிக்கு அழைத்துப்போவான். வீடு விலைக்கு வரும். பரிகாரம் செய்து, புதிதாக வாங்குகிறவர்கள் குடிபோவார்கள். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. மணவாளனுக்கு மட்டும்தான். அவருக்கும் அறுபத்தெட்டு வயதாகியிருந்தது.

அந்த ஐந்து நாளில் நான்கு நாள் மழை பெய்தது. மழையில் தெருவில் பாவு போட முடியாது. பாவு போட்டால்தான் எனக்கு வேலை நடக்கும். அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஆண், பெண், பிள்ளை அத்தனை பேரும் வாசலில் நின்று, தெரு நீளத்துக்குப் பட்டு இழையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கொல்லைப்புறம் எல்லாம் வெறிச்சென்று கிடக்கும். ஐந்தாம் நாள் வெயில் அடித்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். காலை ஒன்பது மணி வரை ரேவதி என்று போட்டிருந்தது.

ஏழரைக்குக் கொல்லைச் சந்து வழியாகப் போனேன். மணவாளன் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அம்மி இருந்தது. குழவியை எடுத்தேன். முதல் அடியில் அவர் திரும்பிப் பார்த்தார். பேச வாயெடுத்தார், வாயில் பற்பொடி இருந்தது. இரண்டாவது அடிக்குப் பிறகு பார்வை என்மேல் நிற்கவில்லை. மூன்றாவதை நான் அடித்தது அவர் கஷ்டப்படக் கூடாது என்பதற்காக. தலையைக் கல்லின் விளிம்பில் சாய்த்தேன். அவர் செருப்பை அங்கிருந்த பாசியில் நன்றாக இழுத்துவிட்டேன். குழவியைக் கழுவி அம்மிமேல் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து, பாவில் அறுந்த இழை இரண்டை முடிந்தேன். பட்டு இழையை முடிய நடுக்கமில்லாத கை வேண்டும்.

பாசி வழுக்கிவிட்டது என்று தெருவே சொன்னது. எனக்கு வேறு விதத்தில் தவறிவிட்டது.

புரோகிதர் வந்து பஞ்சாங்கத்தைப் பிரித்து, "ரேவதி காத்தால அஞ்சே முக்காலுக்கே முடிஞ்சிப் போச்சி. சீவன் போனது அசுவினியில. அடைப்பு இல்ல" என்றார்.

"ஒம்போது வரைக்கும் ரேவதின்னு போட்டிருக்குதுங்களே சாமி" என்றேன்.

"நீ பாத்தது திருக்கணிதமா இருக்கும். இந்தத் தெருவுக்கு வாக்கியப் பஞ்சாங்கம்தாம்மா. செத்தவரு வூட்ல எதப் பாக்கறாங்களோ அதுதான் செல்லும்."

அந்த வருஷம்தான் என் மருமகன் இது துல்லியமானது என்று திருக்கணிதம் வாங்கிக் கொடுத்திருந்தான். பதினாறு வருஷம் எல்லோர் வீட்டு அடுப்படிக்கும் போயிருக்கிறேன், எந்தப் பஞ்சாங்கம் மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தவறிவிட்டேன். அடைப்பு இல்லை என்றதும் எல்லோரும் ஆறுதலாகப் பெருமூச்சு விட்டார்கள். நான் ஒருத்திதான் அழுதேன். கெங்கம்மாளுக்கு இளகின மனசு என்றார்கள்.

காரியம் முடிந்து தருமனிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அத்த இருக்கற வரைக்கும் வூட்டுப் பேச்சு எடுக்காதீங்கம்மா" என்றான். நல்ல பிள்ளை.

அந்த ஐந்து நட்சத்திரம் மறுபடி வர இருபத்து மூன்று நாள் காத்திருந்தேன். இந்தமுறை வாக்கியமே வாங்கினேன். சதயத்தன்று விடிந்ததிலிருந்து மறுநாள் வரை சதயம்தான், சந்தேகத்துக்கு இடமில்லை. மத்தியானம் போனேன். பொன்னியம்மாள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் போனதுலேர்ந்து எட்டிப் பாக்கறது நீ ஒருத்திதான். இரு, மோர் கலக்கியாரேன்" என்றாள்.

"அப்புறம் குடிக்கறேன், மொதல்ல தண்ணிய எடு" என்றேன். குனிந்தபோது கணுக்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கினேன். லேசாகத்தான் இருந்தாள். ஆனால் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டுவிட்டாள். வலது கையில் ஐந்து, இடது கையில் மூன்று. ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது. கத்தவில்லை. "ஏன்டி, ஏன்டி" என்று மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவித்திரியின் காலைப் பற்றி அவளுக்குச் சொல்ல நினைத்தேன். நேரமில்லை.

அடைப்பு விழுந்தது. தருமன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தான். "இந்த வூட்ட நெனச்சாலே ஒடம்பு ஒதறுது. யாருக்காவது பாத்து முடிச்சிடுங்க, ஜல்தியா" என்றான்.

சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நேராகச் சாவித்திரியிடம் போனேன். காலை பத்து மணி இருக்கும். மாணிக்கவேல் பட்டு வாங்கிவர நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தான். முந்தின நாள் மழையில் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். அதற்குள் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தாள். செய்தியைச் சொன்னேன்.

அவள் தறியை நிறுத்தவில்லை.

"அந்த வூடா? வேணாங்கக்கா. ஒரு மாசத்துல ரெண்டு பொணம் வுழுந்த வூடு. அதுல போயி யாரு பேஜார் படறது?"

"மண்ணு காஞ்சி கெடக்குது சாவித்திரி. வந்து கால வெச்சிப் பாரு."

"புரோக்கரு பன்னீர்செல்வம் அண்ணன் ஆத்தோரம் ஒண்ணு காமிச்சாரு. நேத்து அட்வான்ஸ் குடுத்துட்டோம். உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னுதான் இருந்தேன், வேலயில மறந்துட்டேன். கோச்சிக்காதீங்கக்கா. நீங்களும் எவ்ளோதான் அலைவீங்க."

ஆற்றோரம். வெள்ளம் வந்தால் அங்கே குழியில் இல்லை, கூடத்திலேயே தண்ணீர் நிற்கும். அந்த வீட்டை விற்க முடியாமல் பன்னீர்செல்வம் நான்கு வருஷமாகத் திண்டாடுவது ஊருக்கே தெரியும். அதை அவளுக்குச் சொன்னேன். அவள் ஊடு இழை ஓட்டும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக்கொண்டே "பாத்துக்கலாங்கக்கா" என்றாள்.

குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரால் சட்டென்று எழுந்திருக்க முடியாது. கால் மிதிமேல் இருக்கும், முன்னால் நெய்த துணி மடியை அடைத்துக்கொண்டிருக்கும். செம்பு குழி ஓரத்திலேயே இருந்தது. எத்தனை அடி என்று நீங்கள் கேட்டீர்கள். மற்ற இரண்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இது மட்டும் இல்லை. செம்பு ஒரு பக்கம் முழுக்க நசுங்கிப்போயிருந்ததை வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தறியில் இருந்தது அரக்குப் பட்டு. அதன்மேல் பட்டது ஒன்றும் தெரியவில்லை. குழித் தண்ணீரில்தான் தெரிந்தது. கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் யாரிடமும் கோபித்துக்கொள்கிறவள் இல்லை, ஊரில் விசாரியுங்கள். ஒருவர்மேல் அக்கறை வைத்து அவருக்காக இவ்வளவு செய்தவளை, பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் நல்லதில்லை. அவ்வளவுதான்.

மாணிக்கவேல் வரும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போக எனக்குத் தோன்றவில்லை. பட்டுக் கட்டோடு உள்ளே வந்தான். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினேன்.

"வூடு கெடைச்சிடுச்சி மாணிக்கவேலு" என்றேன்.

அவன் சாவியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு தறிப்பக்கம் பார்த்தான். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் அடித்ததில் என் இரண்டு பல் போனதற்காக அவன்மேல் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். பாவம், அவன் நிலைமை அப்படி.

மூன்றையும் நான்தான் செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா, ஐயா? ஒண்டியாளாகிவிட்டோம், நமக்கு எதற்கு வீடு என்று இப்போது நினைப்பான். இந்த நேரத்தில் அவன் யோசனை சரியாக இருக்காது, பக்கத்தில் நல்லது கெட்டது சொல்ல ஒருவர் வேண்டும். பன்னீர்செல்வத்திடம் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். தருமனிடம் நான் பேசி முடித்துத் தருகிறேன். தரகு வேண்டாம்.