முடிவெடுத்த அன்னைக்குப் போட்டிருந்த துணி

இல்லம்மா, அந்த பேட்ஜை எனக்குக் குத்தாத. சொன்னா கேளு, நான் மேடைக்கு வரல. அட்டையில எழுதியிருக்கறதை என் வாயால படிக்க மாட்டேன், அவ்ளோதான். நீ என்ன பண்ணுவே பாவம், உன்னை அனுப்பி வச்சிருக்காங்க. உக்காரு மொதல்ல. மூச்சு வாங்குது பாரு.

என்னது? துணியில தைச்ச என் படம் எனக்குப் பிடிச்சிருக்கான்னா கேக்கற? சிரிப்புதான் வருது. யூனிஃபார்ம் தைக்கற கம்பெனியில இருபத்திரெண்டு வருஷமா செக்கிங் டேபிள்ல நிக்கறவ நான். தப்பு இருந்தா செவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பறதுதான் என் வேலையே. அதோ என் கன்னத்துல சுருக்கம் தெரியுதா? வயசுச் சுருக்கம் இல்லம்மா, நூலை இழுத்துத் தைச்ச சுருக்கம். மூக்கு ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் போகுது. காதுகிட்ட பிசிறு கூட வெட்டல. பிசிறு இருந்தாத்தான் கலையாம், உங்க ஆர்ட்டிஸ்ட் அம்மா சொல்றாங்க. நல்லா இருக்கே! எங்க டெய்லருங்களுக்கு இது தெரியாமப் போச்சு, பாவம், வருஷக்கணக்கா எங்கிட்ட வாங்கிக் கட்டிக்கறாங்க.

தைரியமா சிரிக்கற மாதிரி இருக்கா? அதான் சொல்றேன், அது நான் இல்ல. ஈறு தெரியும்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறவ நான்.

எல்லாரையும் திட்டறேன்னு நெனச்சுக்காத. மூணாவது படத்துல இருக்கற டீச்சர், முடியெல்லாம் கொட்டினப்புறம் மொட்டைத் தலையோட கிளாஸ் எடுக்கப் போனாங்க. விக் வேணாம், துணியும் கட்ட மாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணாங்க. அவங்களைக் கூப்பிடு, நானும் எந்திரிச்சு நின்னு கை தட்டறேன். இங்க இருக்கற பன்னெண்டு பேரும் கேன்சர்லேருந்து பொழச்சு வந்தவங்கதான். ஆளுக்கு ஒரு முடிவு, ஒரு துணிப்படம், ஒரு அட்டை. ரொம்ப சரி. என் அட்டையில என்ன போட்டிருக்கு? நீயே படி. முணுமுணுக்காத, சத்தமா.

ம். எதையும் மிச்சம் வைக்காதீங்க டாக்டர், முழுசா எடுத்துடுங்கன்னு கலங்காம சொன்னேனாம். கலங்காமலாம்!

அந்த ஆர்ட்டிஸ்ட் அம்மா எங்க வீட்டுக்கு வந்ததே ஒரே ஒரு நாள். போனை ரெக்கார்டிங்ல போட்டு மேஜை மேல வச்சாங்க. எங்க வீட்டுக்காரர் எதிர்ல ஜம்முனு உக்காந்தார். நான் டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள என் கதை முடிஞ்சு போச்சு. எனக்கு வலிச்சதைக்கூட அவரே சொல்லிட்டார்னா பாத்துக்கோ. அந்தம்மா எங்கிட்ட நேரா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். பாத்ரூம் எங்கன்னு.

ஆமா, முன்வரிசையில பூங்கொத்தோட உக்காந்திருக்காரே, அவர்தான். ஹார்ட்வேர் கடை வச்சிருக்கோம். இன்னைக்கு அந்தக் கடைக்கே லீவு விட்டுட்டாரு! காலையிலேருந்து வர்றவங்க போறவங்களையெல்லாம் கூப்பிட்டு, என் சட்டையிலதான் தைச்சிருக்கு, என் சட்டையிலதான் தைச்சிருக்குன்னு ஒரே பீத்தல். அந்த நீலக் கட்டம் போட்ட துணிதான். நெத்தி, கன்னம், கழுத்து, எல்லாம் அவர் சட்டை. துணை நின்ற கணவரின் அன்புன்னு கீழ ஒரு வரி வேற. அதைப் படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்தது.

சட்டையை நான்தான் குடுத்தேன். ஏன் குடுக்கக் கூடாது? அந்தம்மா அப்புறமா போன் பண்ணி, அந்த முடிவை எடுத்தப்போ போட்டிருந்த துணி வேணும்னு கேட்டாங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேட்டு வாங்கினாங்களாம். டீச்சர் அன்னைக்குக் கட்டியிருந்த புடவையையே குடுத்திருக்காங்க. நான் அலமாரியைத் தொறந்து ரொம்ப நேரம் நின்னேன்.

இரு, சொல்றேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு. எனக்கு மார்ல வந்தது சின்னக் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துட்டு ஆறு வாரம் தினம் வந்து கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சுக்கிட்டாலும் போதும், தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போகும்போது இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கட்டியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன். சரி சரின்னாரு. உள்ள என்னை மயக்கத்துல படுக்க வச்சுட்டு டாக்டர் வெளிய வந்து, கட்டியை மட்டும் எடுத்தாலே போதும் போலிருக்கு, என்ன பண்ணலாம்னு இவரைக் கேட்டிருக்காரு. இவர் யோசிச்சாராம். ஆறு வாரம் தினம் யாரு கூட்டிக்கிட்டு அலையறது, கடையை யாரு பாக்கறதுன்னு. அவரே பெருமையாச் சொன்னதுதான் இது, சமயோசிதமா முடிவெடுத்தேன்னு. எதையும் மிச்சம் வைக்காதீங்க டாக்டர்னு சொன்னது அவர்தாம்மா. நான் கண்ணு முழிச்சுப் பாத்தப்போ இடது பக்கம் வெறும் கட்டுதான் இருந்தது. ரெண்டு வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறல.

அன்னைக்கு அவர் போட்டிருந்த சட்டை அது. முடிவெடுத்தப்போ போட்டிருந்த துணியைத்தானே கேட்டாங்க?

ஏன் எந்திரிச்சுட்டே? சரி, நீ இவ்ளோ தூரம் கேக்கறதால மேடைக்கு வர்றேன், அந்த அட்டை மட்டும் வேணாம். உங்கிட்ட சொன்னதை அப்படியே மைக்குல சொல்றேன். என்ன முழிக்கற? முன்வரிசையில இருக்கற சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரணுமா? என்னைக் கேட்டாப் போதும்மா.