சாவியோடு அணைந்த ரேடியோ

நான், வயது 47, வாகன மின்வேலை செய்பவன். ஒயர்க்காரர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், தச்சுப் பட்டறையின் மேல்மாடியில் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் குடியிருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் என் கடை உள்ளது. அழைப்பு ஏதும் வராமல், யார் வற்புறுத்தலும் இல்லாமல், நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது:

சுமார் ஐந்து மாதங்களுக்கு முன்பு கால்நடை மருத்துவமனை டாக்டரம்மா தமது ஜீப்பை, அதன் ஓட்டுநர் நெட்டை என்பவருடன் என் கடைக்குக் கொண்டுவந்தார். மலைக் குடியிருப்புகளுக்குப் போகும் தடத்தில் கைப்பேசியில் சிக்னல் எடுக்காததால், மருத்துவமனையில் இருக்கும் கம்பவுண்டரோடு பேச ஒரு ரேடியோ வேண்டும் என்றார். அதற்கான அனுமதிக் கடிதமும் வைத்திருந்தார். கையில் பிடிக்கும் சிறியது போதும் என்பது அவர் எண்ணம். இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து அதில் பேசினால் முதல் வளைவோடு சத்தம் நின்றுவிடும், வண்டியிலேயே பொருத்தும் வகைதான் உதவும் என்றேன். அதன் பிறகு ஆன்டெனாவை முன்பம்பரில் வைக்கச் சொன்னார். கூரை நடுவில் வைத்தால்தான் நாலு பக்கமும் எட்டும் என்றேன். “கூரையில ஓட்டை போட்டா மழைக்கு ஒழுகாதா?” என்று கேட்டார். “ஒழுகினா குடையோட நானே வந்து உக்காந்துக்கறேன் மேடம்” என்றேன். சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

அதன் பிறகு ரேடியோ பெட்டியை, வண்டி குலுங்கினாலும் கழலாதபடி, கியர் ராடுக்கு முன்னால் இரும்புப் பட்டை வைத்து முடுக்கி, மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்தே ஃப்யூஸ் போட்டு எடுத்தேன். அப்படி எடுத்தால் வண்டி அணைந்து நின்றாலும் ரேடியோ பேசும். மறுநாள் டாக்டரம்மா மலையுச்சியிலிருந்து பேசிச் சோதித்தபோது நான் கம்பவுண்டர் பக்கத்தில் இருந்தேன். “மெதுவாப் பேசுங்க மேடம், இங்க ஊசி போட வந்த மாடு மிரளுது” என்று கம்பவுண்டர் பதில் சொன்னார்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்குள், ரேடியோவை அணைக்க மறந்து பேட்டரி இறங்கி, இரண்டு முறை காலையில் வண்டி கிளம்பவில்லை என்று டாக்டரம்மா தாமே ஓட்டிக்கொண்டு வந்தார். நெட்டை அன்று விடுப்பு. தனியாக ஒரு சுவிட்ச் வைப்பதே சரியான வழி. அதற்கு டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், அரை நாள் ஆகும். மாலைக்குள் ஒரு பள்ளிப் பேருந்தை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். ஆகவே பேட்டரி ஒயரைக் கழற்றி, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரோடு, அதன் விளைவு தெரிந்தே, பத்து நிமிடத்தில் சேர்த்துவிட்டேன். “இனிமே சாவிய அணைச்சா அதுவும் தூங்கிடும்” என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஆபத்து நேரத்தில் அது என்ன ஆகும் என்று விளக்கவில்லை. நெட்டையிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பகலில் ஜீப் சரளையில் சறுக்கிக் கவிழ்ந்ததையும், டாக்டரம்மாவின் கால் வண்டிக்கு அடியில் சிக்கியதையும், நெட்டை அவரை விட்டுவிட்டு ஓடியதாக அவர் கணவர் புகார் கொடுத்ததையும் கேள்விப்பட்டேன். வண்டியைச் சோதித்த அதிகாரி சாவி போட்டுப் பார்த்ததில் ரேடியோ நன்றாகவே பேசியதால், அது செத்துக் கிடந்தது என்று நெட்டை சொன்னது பொய் என எழுதப்பட்டதையும் அறிந்தேன். டாக்டரம்மாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் பேச்சு வரவில்லை.

அதன் பிறகு நேற்றுக் காலை நெட்டையின் மனைவி, எனக்குத் தெரிந்த வக்கீலின் எண்ணைக் கேட்டுக் கடைக்கு வந்தார். “பெட்ரோல் சொட்டுதுன்னு முதல்ல சாவிய அணைச்சாராம் அண்ணே. அப்புறம் மைக்க அழுத்தினா மூச்சே இல்லையாம். திரும்பச் சாவி போட்டா பத்திக்குமோன்னு பயந்து, சட்டையக் கிழிச்சு அந்தம்மா கால இறுக்கிக் கட்டிட்டு, ஆள் கூட்டிவர ஓடியிருக்காரு. அவரு விட்டுட்டு ஓடற ஆளா?” என்றார். நான் நேரில் பார்க்கவில்லை. அவர் சொன்னதையே சொல்கிறேன். எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் போகும்வரை கையில் இருந்த ஒயரின் தோலை உரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். பார்த்தபோது ஒரு முழம் செம்பு வெறுமையாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். “உங்கள யாரும் ஒண்ணும் கேக்கலையே. ரெண்டு பொண்ணுங்க படிச்சிட்டிருக்கு” என்றார் மனைவி. இன்று காலை எழுந்தபோது என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தார்.

அதன் பிறகு இங்கே வந்து, நிலைய வளாகத்தில் நிற்கும் ஜீப்பில் சாவியை எடுத்துவிட்டு மைக்கை அழுத்தும்படி ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன். அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். “சாவி இல்லாம எப்பவுமே இப்படித்தானா?” என்றார். “நாலு மாசமா இப்படித்தான் சார். ஓட்டுனவருக்குத் தெரியாது” என்றேன்.

இதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒயரை மாற்றிய இடத்தில் ‘விளைவு தெரியாமல்’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு ‘தெரிந்தே’ என்று எழுதச் சொன்னேன். “யோசிச்சுத்தான் சொல்றீங்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. திருத்திய இடத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு கையொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)