பலகையில் காணாமல் போன தெரு

அவைக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் ஐயா நரசிம்மன் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! முதல் ஷிஃப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தோழர்களே! பிள்ளையை மடியிலும் பெருங்கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்தி நிற்கிறேன்.

மேடையில் தலை தாழ்த்துவது மரியாதைக்காக என்பார்கள். நான் இன்று தாழ்த்துவது வெட்கத்தால்.

என் பெயர் கோமதிநாயகம். தெற்கேயிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஒரகடத்து ஆலை ஒன்றின் டூல் ரூமில் இருபது ஆண்டாய் இரும்பை அறுத்துக்கொண்டிருப்பவன். இதோ மேடையோரம் துணி போர்த்திக் கிடக்கிறதே எட்டடிக்கு நாலடிப் பலகை, அதன்மேல் நாம் இன்று திறந்து வைக்கப் போகும் குட்டி ரயில் நிலையத்தைச் செய்தவன் நான்தான். எதற்குச் செய்தேன்? காரைச் செய்கிறோம், கப்பலேற்றுகிறோம். கைப்பேசியைச் செய்கிறோம், கடல் கடத்துகிறோம். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டால் நம்மைக் கரை சேர்க்க ஒரு ரயில் உண்டா? ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு நிலையம் உண்டா? படப்பை ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாகத் தொங்குகிறவனைக் கேளுங்கள், சொல்வான். நிலையம் கேட்டு மனு கொடுப்போம், கூடவே ஓடிக் காட்டும் ஒரு மாதிரியும் வைப்போம் என்று சங்கம் முடிவெடுத்தது. ரயில் ஓடினால் அதிகாரிகள் ஒரு நிமிடமாவது நின்று பார்ப்பார்கள் என்பது தலைவரின் நம்பிக்கை.

ஏழு மாதம் உழைத்தேன். காய்ந்த டீத்தூள் மண்ணானது, அட்டை ஆலையானது. சரக்கேற்றும் மேடை, கன்டெய்னர் வண்டி ஒதுங்கி நிற்கப் பக்கத் தண்டவாளம், சாப்பாட்டுப் பையோடு காத்து நிற்கும் கட்டைவிரல் நுனியளவு மனிதர்கள், எல்லாம் அமைந்தன. வளைவு மட்டும் அமையவில்லை. கன்டெய்னர் வண்டி நீளமானது. வளைவு இறுகினால் தடம் புரளும். மூன்று முறை புரண்டது. வளைவை விரிக்க இன்னும் ஒரு முழம் இடம் வேண்டும். எதை எடுப்பது? ஆலையை எடுக்கலாமா? ஆலைக்காகத்தானே நிலையம். சாலையை எடுக்கலாமா? லாரி எப்படி வரும்? ஏரியை எடுக்கலாமா? பார்க்க அழகாயிற்றே. ஏரிக்கும் சாலைக்கும் நடுவே மேட்டுத் தெரு இருந்தது, முப்பத்திரண்டு வீடுகள். அதை எடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ரயில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தனியாக நின்று கைதட்டிக்கொண்டேன்.

என்ன தம்பி, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பொம்மைதானே என்று நானும் நினைத்தேன்.

நிஜ மேட்டுத் தெருவில் குடியிருப்பவர் முனியம்மாள். எங்கள் டூல் ரூமைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. போன மாதம் சங்கத்து அறைக்கு வந்து பலகையைக் குனிந்து பார்த்தார். சாலையோடு போன அவர் விரல் ஏரிக்கரையில் நின்றுவிட்டது.

"இன்னா சார், ஏரி கீது, பம்ப் ரூமு கீது. எங்க தெரு எங்க சார்?"

வண்டி திரும்ப இடம் போதவில்லை என்றேன்.

"கம்பெனி வந்தப்பவும் இதான் சொன்னாங்க, ரோடு திரும்ப எடம் பத்தலன்னு. அப்பதான் எங்கள இந்த மேட்டாண்ட கொணாந்து வுட்டாங்க."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் கோபப்படவில்லை, பழகிப்போனவர் போலச் சொன்னார். மறுநாளே தண்டவாளத்தைப் பெயர்த்தேன். முப்பத்திரண்டு வீடுகளையும் அட்டையில் கட்டி, அந்தந்த இடத்தில் ஒட்டினேன். பெருமையோடு முனியம்மாளை அழைத்து வந்து காட்டினேன். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அட்டைல வூடு கட்டிக்கினே, சரி. நெசமா ரயிலு வந்தா இதே மாதிரி தண்டவாளத்த புடுங்குவியா சார்?"

வீட்டுக்குப் போய் மனுவின் நகலைப் பிரித்தேன். அதில் இருக்கும் வரைபடம், பலகையைப் பார்த்து நானே வரைந்தது. தெருவை எடுத்த பிறகு வரைந்தது. மேட்டுத் தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்டவாளம் ஓடுகிறது. அதன் கீழே கையெழுத்துகள். மேட்டுத் தெருவின் முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் அதில் இருக்கிறது. வீடு வீடாகப் போய் வாங்கியவன் நான். எங்கே வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, சார் கொண்டுவந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். முனியம்மாள் எழுத்துக் கூட்டித் தன் முழுப்பெயரையும் எழுதியிருக்கிறார்.

தலைவர் சீட்டு நீட்டுகிறார். திறப்பு விழாவில் இது வேண்டாமே என்று எழுதியிருக்கிறார். மன்னியுங்கள் ஐயா, வேறு மேடை எனக்கு ஏது? பின்னாலிருந்து ஒருவர், அப்போ ஸ்டேஷன் வேண்டாமா என்கிறார். வேண்டும் ஐயா! வண்டி வேண்டும், வழி வேண்டும், வழியில் யார் வீடு என்று கேட்கும் வாயும் வேண்டும்! நாளை காலை மனு போகிறது. போகாவிட்டால் இந்த ஆண்டு வாய்ப்பில்லை என்பதும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முப்பத்திரண்டு குடும்பம் எழுதிக் கொடுத்த காகிதமாகவல்லவா அது போகிறது!

மனுவை நிறுத்தலாம் என்பவர்கள் கை தூக்குங்கள். சரி, இறக்குங்கள். எண்ண வேண்டியதில்லை, குறைவுதான்.

துணியை விலக்கிப் பாருங்கள். ரயில் ஓடாது, வளைவைத்தான் அன்றே பெயர்த்துவிட்டேனே. நான் இங்கிருந்து நேராக மேட்டுத் தெருவுக்குப் போகிறேன். எதன் கீழே அவர்கள் பெயரை எழுதி வாங்கினேன் என்பதை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லப் போகிறேன். கை தூக்கியவர்களுக்கும், தூக்க முடியாதவர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. என்னோடு நடக்க வருகிறவர்கள் வாருங்கள். வணக்கம்.