ஜாக்கெட் சார்

எனக்கு வாத்துக் கறி பிடிக்காது, மேடம். எவ்வளவு மசாலா போட்டாலும் அதில் ஒரு சேற்று வாடை இருக்கும். வேட்டை ஆசையில் அந்தத் தீவுக்குப் போனவன் நான் என்று யாராவது எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் டூட்டிக்குப் போனேன்.

மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. நேற்று போலீஸ் அதிகாரி இந்தியில் கேட்டார், நானும் இந்தியில் சமாளித்தேன். ஆனால் அவருடைய கேள்விக்கு இந்தியில் பதில் கிடையாது. அரபியிலும் இருக்காது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்த மனிதர் எதற்காக 'ஜாக்கெட், ஜாக்கெட்' என்று கத்தினார்? நியாயமான கேள்விதான். படகோட்டி பாண்டித்துரை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். என் ரிப்போர்ட்டிலோ, ஸ்ரீகாந்த் சார் ஜாக்கெட் போட்டபடியே தண்ணீரில் விழுந்து இறந்தார் என்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாது. பாண்டித்துரை சொன்னதுதான் சரி.

எங்கள் கம்பெனி கடலோரத்தில் படகுத்துறை கட்டித் தருகிறது. ஸ்ரீகாந்த் சார் ப்ராஜெக்ட் மேனேஜர், நான் சேஃப்டி ஆபீசர். தண்ணீருக்கு மேல் வேலை செய்கிறவன் ஒவ்வொருவனும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். போடவைப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு காலை, ஆட்களை வரிசையாக நிற்கவைத்து அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். சார் காரிலிருந்து இறங்கி வந்தார்.

"என்ன தியாகு, எல்லாருக்கும் ஜாக்கெட் தச்சுக் குடுக்கிறியா? முன்னாடி கொக்கியா, பின்னாடி கொக்கியா?"

தமிழ் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, ஒன்றும் புரியாத பீகார் ஆட்களும் சிரித்தார்கள். நம் ஊரில் ஜாக்கெட் என்றால் பெண்கள் சேலைக்குப் போடுவது என்று அதிகாரிக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். அன்றிலிருந்து என் பெயர் ஜாக்கெட் சார். கேம்ப் சமையல்காரன்கூட அப்படித்தான் சொன்னான். அதோடு போகவில்லை. பெண்கள் உடுப்பை மாட்டிக்கொண்டு நிற்பதா என்று ஆட்கள் கூச்சப்பட்டு, என் தலை மறைந்ததும் கழற்றிப் போட ஆரம்பித்தார்கள். சாரிடம் போய்ச் சொன்னேன்.

"யோவ், ஒரு ஜோக்குக்குக்கூடவா உன்கிட்ட பர்மிட் வாங்கணும்?" என்றார்.

பொங்கல் அன்று முவைலாவில் எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு வந்து என் மனைவி பிரபாவதியிடம் கேட்டார். "ஏன் சிஸ்டர், பீரோவுல உங்க ஜாக்கெட் எது, இவன் ஜாக்கெட் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

பிரபாவதி சிரித்தாள். மரியாதைக்குச் சிரித்தேன் என்று பிறகு சொன்னாள். மரியாதைக்குச் சிரித்தால் கண்ணில் தண்ணீர் வருமா, நீங்களே சொல்லுங்கள். அவரை எனக்குப் பிடிக்காமல் போனது என்று சொன்னால் அது மழுப்பல். வெறுத்தேன். அவர் காப்பி குடித்த டம்ளரை அன்றைக்கே குப்பையில் போட்டேன்.

தீவு, எங்களுக்கு வேலை கொடுத்த முதலாளியின் சொந்தத் தீவு. குளிர்காலத்தில் வளர்ப்பு வாத்துகளைக் கால்வாயில் பறக்கவிட்டு விருந்தாளிகளைச் சுடச் சொல்வார்கள். சாருக்கு அதில் பைத்தியம். சுடப் போகிற படகில் ஒரு சேஃப்டி ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கத்திய நிபந்தனை. அதனால் என் லீவு நாள் அவருடைய வாத்துக்குப் போனது.

வாத்து சுடுகிறவர்களைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். தாங்கள் ஒரு படகில் இருக்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு வராது. துப்பாக்கியைப் பத்து தடவை சோதிப்பார்கள், தண்ணீரை ஒரு தடவை பார்க்க மாட்டார்கள். ஜாக்கெட் போட்டால் துப்பாக்கிக் கட்டை தோளில் உட்காராது என்பார்கள். அதற்காகவே தோள் பக்கம் மெலிதாக இருக்கும் ஒன்றை தேரா பஜாரில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவைத்தேன். சாருக்கென்றே வாங்கினேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை அதை நீட்டினேன். "நீயே போட்டுக்க. உனக்குத்தான் எடுப்பா இருக்கும்" என்று உட்காரும் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டார். பாண்டித்துரை தொண்டிக்காரன், கடல் தெரிந்தவன். அவன் மறுபேச்சில்லாமல் தன்னுடையதைப் போட்டுக்கொண்டான், சிரிக்கவும் செய்தான். சார் போடாவிட்டால் படகை எடுக்கவிடாமல் நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருந்தது. சைட்டில் எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன். அன்று நிறுத்தவில்லை. "யல்லா, போகலாம்" என்றேன்.

சுட்ட வாத்துகள் வளைவுக்கு அந்தப் பக்கம் சேற்றில் விழுந்தன. அவற்றைப் பொறுக்கப் பாண்டித்துரை இறங்கிப் போனான். அலையாத்திப் புதர் அவனை மறைத்துக்கொண்டது. அப்போது ஒரு வாத்து பின்பக்கமிருந்து எழும்பியது. சார் எழுந்து நின்று, திரும்பிச் சுட்டார். படகு சாய்ந்தது, விழுந்தார். மார்பு வரைக்கும் ரப்பர் உடை போட்டிருந்தார். அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் காலை உதைத்து நீந்த முடியாது. வற்றுநீர் வேறு இழுத்துக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டை எடுத்து, வாரைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"தியாகு, அதைப் போடுய்யா!"

"எதை சார்?"

"அதான்யா... அது!"

அப்போதும் அவர் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. தண்ணீரைத் துப்பிவிட்டு, "லைஃப் வெஸ்ட்" என்றார். அப்படி எதுவும் நம்மிடம் இல்லையே சார் என்றேன். நான் குரலை உயர்த்தவில்லை. அவருக்குப் புரிந்தது. பிறகு கால்வாய் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஜாக்கெட்! தியாகு, ஜாக்கெட் குடு!"

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் வீசிவிடத்தான் கையை ஓங்கினேன். சொல்லிவிட்டார், எனக்கு அது போதும் என்றிருந்தது. அப்போதுதான் புதருக்குப் பின்னாலிருந்து பாண்டித்துரை சிரித்தான்.

"ஆரம்பிச்சுட்டாரா சார்! காலங்காத்தாலயேவா!"

தினமும் கேட்கிற கேலி என்றே அவன் நினைத்திருக்கிறான். நினைக்காமல் என்ன செய்வான்? சார் அந்த வார்த்தையை வேறு எதற்காகவும் சொல்லி அவன் கேட்டதே இல்லை. என் கை இறங்கிவிட்டது. அந்தச் சிரிப்பு சாருக்கும் கேட்டது. மறுபடி மறுபடி அதையே கத்தினார். அவர் கத்தக் கத்த அவன் சிரித்தான். நான் உட்கார்ந்துகொண்டேன். ஆடுகிற படகில் நிற்கக் கூடாது.

கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பாண்டித்துரை ஓடிவந்திருப்பான், நல்லவன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனை ரூமுக்கு அனுப்பிவிடுங்கள். சும்மா உட்காரவைத்தால் அழுதுகொண்டே இருப்பான்.

சத்தம் நின்றது. நீரோட்டம் அவரைக் கொண்டுபோய் அலையாத்தி வேரில் விட்டது. அங்கே முழங்கால் ஆழம்தான். நான் இறங்கி அவருக்கு ஜாக்கெட்டை மாட்டினேன். ஒத்துழைக்காத கையை நுழைப்பது சுலபமில்லை, மேடம். பக்கிள் எல்லாம் போட்டு, தொளதொளவென்று இருந்த வாரை இழுத்துக் கட்டினேன். தோள் பக்கம் கச்சிதமாக இருந்தது. அதன் பிறகுதான் பாண்டித்துரையைக் கூப்பிட்டேன். தான் இறங்கிப் போன பிறகு சார் அதைப் போட்டிருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கொலையை மறைக்கத்தான் போட்டுவிட்டேன் என்று அதிகாரி நினைக்கிறார். ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சாகவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். மறைத்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். என் பொறுப்பில் தண்ணீருக்குப் போன எவனையும் ஜாக்கெட் இல்லாமல் நான் கரைக்குக் கொண்டுவந்ததில்லை. அவரையும் அப்படிக் கொண்டுவரவில்லை.