முதல் வாய்த் தண்ணீர்

எனக்குச் சிறுவயது முதலே வயிறு மென்மையானது, ஐயா. கொதிக்கவைத்து ஆறிய நீரன்றி வேறெந்த நீரும் ஒத்துக்கொள்வதில்லை. விசாரணைக்கு நடுவிலும் தாங்கள் அன்புடன் எடுத்துவைத்த இக்குவளையை நான் தொடாதிருப்பதைத் தவறாகக் கொள்ள வேண்டா.

ஒனிச்சா சாலையில் எங்கள் குடும்பத்துப் பேட்டரித் தொழிற்சாலை இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அம்மா தலைவர், அண்ணன் அனாயோ நிருவாக இயக்குநர், ஒபியாஜுலு என்னும் நான் சமூகப் பொறுப்புத் துறைக்குப் பொறுப்பாளன். நிறுவனம் செய்வது அறத்துக்கு உட்பட்டதா என்று ஆராயும் நெறிக்குழுவும் உண்டு. அதற்கும் நாங்கள் மூவரே. ஞாயிறுதோறும் தேவாலயத்தினின்று திரும்பி, இடித்த கிழங்கும் கசப்புக்கீரைக் குழம்பும் உண்டபின் கூடுவோம். ஏழாண்டுகளில் ஒரு முறையேனும் கருத்து வேற்றுமை எழுந்ததில்லை.

சுவருக்கு அப்பால் உமுவேலே என்னும் சிற்றூர், நாற்பது வீடுகள். அவ்வூருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அண்ணனுக்கு அவ்வூரார் அளிக்கும் கௌரவப் பட்டம் தேவைப்பட்டது. ஆகவே என் துறை ஓர் ஆழ்துளைக் கிணற்றை அளித்தது. நிலம் எங்களுடையதாயிருக்கட்டும் என்று சுவரோரத்தை நானே தேர்ந்தேன். சுவரின் உட்புறம், பழைய பேட்டரிகளை உடைத்துக் கழுவும் குழி இருந்தது.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னதாக, எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெண் ஒசியோமா ஒரு தாளுடன் வந்தாள்.

"ஐயா, இந்தத் தண்ணி குடிக்க ஆகாது. ஈயம் இருக்கலாங்கிற அளவப்போல அம்பது மடங்கு இருக்கு. பெரியவங்க தாங்கிடுவாங்க. புள்ளைங்களுக்கு மூளையில போய் உக்காந்துக்கும்."

நான் அதனை முறைப்படி நெறிக்குழுவின்முன் வைத்தேன்.

"ஆட்டுக்குச் சொல்லியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு, பிஷப்பும் வர்றேன்னுட்டார். இப்பப் போய் தண்ணி சரியில்லன்னா எம்மூஞ்சிய எங்கடா வெச்சுக்கறது?" என்றார் அண்ணன்.

அம்மா பல்லிடுக்கிலிருந்து கீரை நாரை எடுத்தவாறே கேட்டார்: "நம்ம மூணு பேர்ல யாருக்காச்சும் கெட்ட எண்ணம் இருக்கா?"

இல்லை என்றோம்.

"அப்புறம் என்ன? எழுதிக்கோ."

கெட்ட எண்ணம் இல்லாமையால் விழா நடக்கலாம் என்று எழுதிக்கொண்டேன். முடிவைக் கேட்ட ஒசியோமா சற்றும் மரியாதையின்றிச் சிரித்தாள். "அப்படின்னா முதல் குவளைய நீங்க குடிங்க ஐயா. நான் நின்னு பாக்குறேன்." அவளால் நின்று பார்க்க இயலவில்லை. அவ்வாண்டின் நேர்மை மிக்க பணியாளர் என்னும் விருதை அவளுக்கே அளித்து, மறுநாளே வடக்கே சொக்கோட்டோ விற்பனைக் கிளைக்கு அனுப்பிவைத்தோம்.

ஆயினும் அவள் சொல் பயன்பட்டது. எங்கள் பக்கத்து வழக்கத்தை அது எனக்கு நினைவூட்டிற்று. கள்ளாயினும் நீராயினும், கொடுப்பவன் முதல் வாய் அருந்திக் காட்டியபின்னரே பெறுபவர் அருந்துவர்.

விழாவன்று, எங்கள் வாயிற்காவலரும் உமுவேலேயில் மூத்தவருமான ஒக்வுடிலி அதனை எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "கேட்டுல நான் உங்களுக்கு சல்யூட் அடிப்பேன் ஐயா. இங்க நீங்க எங்க ஊருக்குத் தண்ணி ஊத்த வந்தவரு. முதல் வாய் உங்களுதுதான், தப்பிக்க முடியாது!" ஊரார் சிரித்தனர்.

நான் தப்பிக்க முயலவில்லை. என் தந்தையாரின் மாட்டுக்கொம்புக் கோப்பையை, வீட்டிலிருந்து கொணர்ந்த நீரால் வண்டியிலேயே நிரப்பிவைத்திருந்தேன். கொம்பின் உள்ளிருப்பது வெளியே தெரிவதில்லை. குழாயைத் திறந்து, நீர் விரல்களின்மேல் வழியுமாறு கோப்பையைக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, பின்னர் ஒரு சொட்டும் எஞ்சாமல் குடித்தேன். வயிற்றின் மென்மையை முன்பே கூறினேன் அல்லவா? பெண்கள் ஆர்ப்பரித்தனர். பிள்ளைகள் குழாயை மொய்த்தனர்.

அவர்களுள் ஒக்வுடிலியின் மகள் கோசியும் ஒருத்தி. வயது ஆறு. எங்கள் குடும்பத்தார் பதினொருவர் பெயரையும் வயது வரிசை பிறழாமல் பாடி எங்களை வரவேற்றவள் அவளே.

மறு ஆண்டில் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி என்றார்கள். அதற்கடுத்து வலிப்பு என்றார்கள். ஒருநாள் ஒக்வுடிலி என் அறை வாயிலில் தொப்பியைக் கையிற்பிடித்து நின்றார். "ஐயா, பள்ளிக்கூடம் போன புள்ளைக்கு வீட்டுக்குத் திரும்பி வர வழி தெரியல. நேத்து சொன்னத இன்னைக்குக் கேட்டா முழிக்குது."

நான் பரிவுடன் கேட்டேன். நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுக்குமாறு கூறினேன்.

கிணற்றை ஏன் மூடவில்லை என்று கேட்கிறீர்கள். மூடினால் காரணம் கூற வேண்டும். காரணம் குழிக்கும், குழி தொழிற்சாலைக்கும் இட்டுச்செல்லும். மேலும், அது என் தந்தையாரின் பெயர் தாங்கிய கிணறு. அதற்கு மாறாக, கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென உமுவேலேயிலேயே ஒரு பள்ளி கட்டினோம். அத்தகைய பிள்ளைகள் இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர் வேறெங்கும் இல்லை என்று பார்வையிட வந்தோர் வியந்தனர். அண்ணனுக்குப் பட்டமும் கிடைத்தது.

தங்கள் கையிலுள்ள அத்தாள் ஒசியோமா தந்ததே. அதன் அடியில் 'பார்த்தேன்' என்றிருப்பது என் கையெழுத்து, தேதியும் சரியானதே. அறிந்தே செய்தேன். வேறொருவர் மீதும் பழி சுமத்த நான் விரும்பவில்லை.

ஒன்றை மட்டும் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளித் திறப்பு விழாவில் கோசியையே மாலையுடன் என்முன் நிறுத்தினார்கள். "சொல்லும்மா, ஐயா பேரென்ன? பதினோரு பேரையும் சொன்னவதானே நீ," என்று ஒக்வுடிலி குனிந்து கெஞ்சினார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன, பெயர் வரவில்லை. "மன்னிச்சிடுங்க ஐயா," என்றார் தந்தை, தலை நிமிராமல்.

நான் மனத்தில் வன்மம் வைத்துக்கொள்பவன் அல்லன், ஐயா. அவளை அவ்விடத்திலேயே, எல்லாரும் பார்க்க, மன்னித்துவிட்டேன்.